இலை ஒட்டுவது எப்படி?

என் அக்கா மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சென்னையில் ஒரு ரெடிமேட் ஏற்றுமதி நிறுவனத்தில் சஸ்டெயினபிலிட்டி மேனேஜர். அது என்ன உத்தியோகம் என்று அக்கா கேட்டாள். "பேஷன் நீடிச்சு நிலைக்கிற மாதிரி பண்றதும்மா" என்றான். "ஓ, துணி சீக்கிரம் கிழியாம பார்த்துக்கணும்" என்றாள். அவன் பரிதாபமாக என்னைப் பார்த்தான். இந்தத் துறையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதை ஆபீசில் போய்ச் சொன்னால் பையனுக்கு வேலை போய்விடும்.

சேர்ந்த முதல் வாரமே முதலாளி ஒரு கையேடு கேட்டிருக்கிறார். ஆடைத் தொழிலைப் பசுமையாக்குவது எப்படி? வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். பையன் என்னிடம் வந்து நின்றான். நான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் இருபத்தாறு வருஷம் ஷிப்பிங் பில் எழுதியவன். முதலில் சென்னைத் துறைமுகம், கடைசிச் சில வருஷங்கள் காட்டுப்பள்ளி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

"நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுதிக்கிறேன்."

"வீட்ல உட்கார்ந்தா வராது மாப்ளே. வண்டியை எடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்குக் கிளம்பினோம். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வழியிலும் போன இடத்திலும் நான் சொன்னதை, இதே வேலையில் சேரப்போகும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர் வை

சரக்கைத் திருத்தாதே, செலவு. பெயரைத் திருத்து. இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, இந்தக் கரையில் நானூறு வருஷமாக நடப்பது. காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே போனால் பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது இறால் வாங்குவதற்காக இல்லை. கிழக்கே தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே செல்லுபடியான நாணயம் சோழமண்டலத் துணி. இங்கே துணி வாங்கு, அங்கே கொடு, வாசனைச் சரக்கை ஐரோப்பாவில் விற்று லாபம் பார். துணி ஏறிய அதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக பட்டாவியாவுக்கு ஏற்றினார்கள். அதற்கும் கணக்கு எழுதத்தான் செய்திருப்பார்கள், என்னைப் போல ஒரு கிளார்க். இங்கிலீஷ் அகராதியில் 'புல்லிகாட்' என்று ஒரு சொல் உண்டு. கட்டம் போட்ட கைக்குட்டை என்று பொருள். ஊரே துணியாகிவிட்டது. நெய்தவன் பெயரை அகராதியில் தேடாதே.

அந்தத் துணியின் சிவப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன். கூகுள் பண்ணப் போனான், தடுத்தேன். இம்பூறல் என்று ஒரு பூண்டு. கடலோர மணலில் தானாக முளைக்கும், உயரமாக வளராது. அதன் வேர்ப்பட்டையில் சிவப்பு இருக்கிறது, அதனால் சாயவேர் என்றே பெயர். வேர் தோண்டிப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. 1869 வாக்கில் ஐரோப்பாவில் நிலக்கரித் தாரிலிருந்து அதே சிவப்பை எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வேர் தோண்டும் வேலை அதோடு மெல்ல மெல்ல முடிந்தது. இப்போது அதே வேரை 'நேச்சுரல் டை' என்று திரும்பத் தேடுகிறார்கள்.

"எழுதிக்கோ மாப்ளே. கையேட்டில் சாயவேருக்கு ஒரு முழுப் பக்கம், கலர் படத்தோட. பத்தாயிரம் சட்டைக்கு ஒரு சட்டை அந்த வேர்ல சாயம் போடு. மத்த 9,999 சட்டைக்கும் அந்தப் படத்தையே போட்டுக்கலாம்."

பெயர் வைப்பதில் உச்சம் தொட்ட கதை ஒன்று உண்டு. துணி வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. 1958-ல் நியூயார்க்கிலிருந்து வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைப் பத்தாயிரம் கெஜம் வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கினாரே, அதே நாயர். சாயம் நிற்காது, குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் விற்றார். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது, எச்சரிக்கை போகவில்லை. அமெரிக்காவில் சட்டைகளை வாஷிங் மெஷினில் போட்டார்கள். கட்டத்திலிருந்து நிறம் பக்கத்துக் கட்டத்துக்குக் குடிபோனது. வழக்குப் போடுவோம் என்ற பேச்சு வரை போய், கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி விளம்பரத்தைத் திருப்பிப் போட்டார்: நிறம் கசியும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்! ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை என்று ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' என்று அதற்கு ஒரு பிராண்டு மதிப்பே வந்தது.

அதே சட்டை மீஞ்சூர் பஜாரில் சாயம் போனால் கடைக்காரரின் குலம் கோத்திரம் எல்லாம் கிழியும்.

உப்புக் கணக்கு

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. பெயர் மீஞ்சூர் நிலையம், இருப்பது காட்டுப்பள்ளி. (பெயர் வைப்பது பற்றி மேலே பார்க்கவும்.) 2010-ல் திறந்தார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் அளவுக்குக் கட்டியது. அதற்கு இரண்டு பங்குக்கு மேல் கடல்நீரை உள்ளே இழுத்து, மிச்சமாகும் கெட்டி உப்புநீரைக் கடலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். எதிரே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, போனில் கால்குலேட்டரை எடுக்கச் சொன்னேன்.

"ஒரு பருத்தி பனியனுக்கு, செடிக்குப் பாய்ச்சறதுல தொடங்கி 2,700 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு உலக இயற்கை நிதியம் ஒரு கணக்கு சொல்லுது. 10 கோடியை 2,700-ஆல வகு."

வகுத்தான். 37,037 வந்தது.

"உங்க கம்பெனிக்கு இது எத்தனை நாள் வேலை?"

"ஒரே ஆர்டர் மாமா. அதுவும் சின்னது."

சென்னைக்காரர்கள் குடிக்க இந்த நிலையம் முழு அளவில் ஓடினால் ஒரு நாள் தரும் தண்ணீர் முழுவதும் ஒரு சின்ன ஆர்டருக்குக் காணும். பருத்தி மழையையும்தான் குடிக்கிறது, எல்லாம் குழாய்த் தண்ணீரா என்று உன் முதலாளி கேட்பார். கேட்கட்டும், அதுவும் நியாயம்தான். அதனால் தண்ணீரை விடு, உப்புக்கு வா.

கடலில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதை எடுப்பதற்குத்தான் இத்தனை குழாயும் பம்பும் சவ்வும் மின்சாரமும். மின்சாரத்துக்குப் பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையம், அங்கே எரியும் கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு. சரி. இப்போது அப்படியே தென்மேற்கே திருப்பூருக்குப் போ. அங்கே பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். பஞ்சும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று கிட்டே சேர்க்காது. தாய்மாமன் மாதிரி உப்புதான் நடுவில் நின்று சேர்த்து வைக்கும். இளம் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கறுப்பு, நேவி புளூ, அரக்குச் சிவப்பு என்றால் லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று கொட்ட வேண்டும். கடலைவிட இரண்டு மடங்கு கரிப்பு. ஒரு பனியனுக்கு ஒரு கைப்பிடி உப்பு என்று வைத்துக்கொள். கல்யாணம் முடிந்ததும் மாமனுக்கு அங்கே வேலை இல்லை. உப்பு அத்தனையும், துணியில் ஏறாமல் போன சாயத்தோடு, தண்ணீரிலேயே நிற்கும்.

இந்தக் கரையில் காசு கொட்டி உப்பை எடுக்கிறோம். அங்கே நல்ல தண்ணீரில் மூட்டை மூட்டையாக உப்பைப் போடுகிறோம், பிறகு இதே மாதிரி சவ்வை வைத்து அதை எடுக்கிறோம். நடுவில் நமக்குக் கிடைத்தது ஒரு கறுப்பு பனியன். இரண்டு மாசத்தில் வெளுத்துவிடும்.

அந்த 'பிறகு' வருவதற்குள் ஓர் ஆறு செத்தது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிற ஆறு. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அணையில் தேங்கியது சாயக்கழிவு. உலகத்தில் எல்லா ஊர் விவசாயியும் அணையைத் திறந்து விடுங்கள் என்று கேட்பான். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்தவர்கள் தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே வரக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் வந்தது. 2011 ஜனவரி 28-ம் தேதி, அத்தனையையும் மூடு என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. சாய வேலை ரகசியமாக வேறு ஊர்ப் பக்கம் ஒதுங்கிய கதையும் உண்டு.

கடைசியில் ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தது. சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்து, உப்பைத் திரும்ப எடுத்து அடுத்த சாயத்துக்குப் போடுகிறார்கள். மெச்ச வேண்டிய ஏற்பாடு, கிண்டலாகச் சொல்லவில்லை. உலகத்தில் பல பெரிய நாடுகள் இதைச் செய்வதில்லை. ஆனால் காய்ச்சுவதற்குக் கொதிகலன் வேண்டும், கொதிகலனுக்கு விறகோ கரியோ வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு சாக்குச் சாக்காகக் கொட்டகையில் கிடக்கும். ஆற்றுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, புகைபோக்கிக்கு வேலை கூடியது.

கையேட்டில் எப்படி எழுதுவது? "ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஆலையில் சாயமிட்டது" என்று போட்டு, பக்கத்தில் ஓர் ஓடையின் படம். பொய் இல்லை. இது கம்பெனியின் சொந்த யோசனை என்று எழுதிவிடாதே, வாசிப்பவர் தானாக அப்படி நினைத்துக்கொள்வார். வழக்கு, விவசாயி, நீதிபதி என்ற மூன்று சொற்களும் மட்டும் எந்தப் பக்கத்திலும் வந்துவிடக் கூடாது.

பாட்டில்

இதற்கு அதிக இடம் வேண்டாம். உலகத்தில் உற்பத்தியாகும் ஜவுளி இழையில் பாதிக்கு மேல் இப்போது பாலியஸ்டர், அதாவது கச்சா எண்ணெய். இதை எப்படிப் பசுமையாக்குவது? தண்ணீர் பாட்டிலை உருக்கி நூல் எடு. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுவந்த நீலக் கோட்டு அப்படிச் செய்ததுதான், துணி நம் கரூரிலிருந்து போனது. நல்ல விஷயம், பெருமைதான். ஆனால் பாட்டிலை உருக்கினால் மறுபடியும் பாட்டில் ஆக்கலாம். சட்டையான பிறகு அதைத் திரும்பச் சட்டையாக்க இன்னும் பெரிய அளவில் வழி வரவில்லை. ஆகவே கையேட்டில் பாட்டில் சட்டையானது வரைக்கும் அம்புக்குறி போடு. அதற்கப்புறம் அம்பை ஒரு சின்ன செடியில் கொண்டுபோய் முடி.

சான்றிதழ் வாங்கும் விதம்

நான் காகிதத்தில் வாழ்ந்தவன், இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சான்றிதழ் என்பது துணிக்கு இல்லை, துணி வந்த வழிக்கு. பண்ணையிலிருந்து ஜின்னிங், அங்கிருந்து மில், நிட்டிங், சாயம், தையல் என்று ஒவ்வொரு கைமாறலுக்கும் ஒரு காகிதம். நடுவில் ஒரு காகிதம் பொய் என்றால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் உண்மையான பொய். 2020 அக்டோபரில், இயற்கைப் பருத்திக்கு உலகம் முழுக்க மதிக்கப்படும் 'காட்ஸ்' அமைப்பே, இந்தியாவிலிருந்து 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று ஓடியிருக்கிறது என்று அறிவித்தது. செடிக்குத் தெரியாது தான் ஆர்கானிக் என்று. காகிதத்துக்குத் தெரிந்தால் போதும்.

2022-ல் நார்வே நாட்டு நுகர்வோர் ஆணையம் இன்னொரு குட்டு வைத்தது. 'ஹிக்' என்ற குறியீட்டை வைத்து இந்தத் துணி அந்தத் துணியைவிடப் பசுமை என்று விளம்பரம் செய்வது ஏமாற்று வேலை என்றது. நம் ஊரிலும் 2024-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பச்சைப் பொய் விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் போட்டிருக்கிறது. 'இயற்கைக்கு உகந்தது' என்று சும்மா எழுதக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும். பயப்படாதே. ஏமாற்றும் படத்துக்கும் தடை உண்டு, ஆனால் சும்மா ஒரு பச்சை இலை வரையத் தடை இருப்பதாக நான் படிக்கவில்லை.

இங்கே மாப்பிள்ளை சிரித்தான். அவன் சிரிப்பு அடங்கியதும் சொன்னேன்: டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24-ம் தேதி இடிந்து விழுந்து 1,134 பேர் செத்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த தையல் தொழிற்சாலைகளில் சில, தணிக்கை நடந்து அறிக்கை வாங்கியவை. முந்தின நாளே சுவரில் விரிசலைத் தொழிலாளிகள் பார்த்தார்கள். உள்ளே போகச் சொல்லி விரட்டினார்கள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. டீ சொன்னேன்.

பழையதற்கு மரியாதை

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தினான். இறால் பிடித்துவிட்டு ஓர் அம்மா கரையேறிக்கொண்டிருந்தார். இங்கே வலை இல்லாமல், மார்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். அந்த அம்மா சேலைக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பையில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர், பாதி நூல் பிரிந்து. மாப்பிள்ளை அசந்துபோனான். "மாமா, இது ஓவர்சைஸ்டு லுக்! எங்க டிசைனர் பார்த்தா அப்படியே எடுத்துப்பாங்க."

கேட்டுப் பார்த்தேன்.

"இது எங்க ஊட்டுக்காரர் சொக்கா நைனா. வெயில் ஏறாது, கிளிஞ்சல் கீறாது. அதுக்கோசரம்தான்."

"எத்தனை வருஷமா போடறீங்க?"

"அத்த யாரு கணக்கு வச்சா? புயலப்ப எண்ணெய் வந்துச்சே, அதுல நாலு சொக்கா போச்சு. எத்தினி தபா தொவைச்சும் போவல. இல்லன்னா அதுங்களும் இருக்கும்."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதைச் சொல்கிறார். படகு, வலை, மீன் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். நாலு சட்டையை எந்தக் கணக்கில் எழுதுவது?

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் சட்டை போடுகிறார்கள். ஒரு துணியை அதன் ஆயுள் முழுக்க வாழவைப்பது நமக்குப் புதிது இல்லை. புடவை கிழிந்தால் தூளி, தூளி கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி. 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களிடம் அம்மா பட்டுச்சரிகைக்கு அரை மணி நேரம் பேரம் பேசி ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்குவாள். இதற்கு இப்போது 'சர்குலர் எகானமி' என்று பெயர். அந்த அம்மா செய்தால் இல்லாமை, உங்கள் டிசைனர் செய்தால் பொறுப்புணர்ச்சி. விலைச்சீட்டில் ஒரு சைபர் வித்தியாசம்.

இதில் யாரும் கையேடு போடாமலே பெரிதாக நடக்கிற வேலை ஒன்று இருக்கிறது. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டு, கட்டிங் வேஸ்ட். கோவை, திருப்பூர், வெள்ளகோவில் பக்கம் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்கள் அதை வாங்கி, நிறம் நிறமாகப் பிரித்து, பஞ்சாக உதிர்த்து, மறுபடியும் நூலாக்குகின்றன. ஏற்கெனவே நிறம் இருப்பதால் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. அந்தக் கைப்பிடி உப்பு மிச்சம். அந்த நூலில் லுங்கி வருகிறது, பெட்ஷீட் வருகிறது, கால்மிதி வருகிறது. நான் கட்டுகிற லுங்கியில் உன் கம்பெனியின் பழைய ஆர்டர் ஏதாவது இருக்கலாம். நூலுக்கும் லாயக்கில்லாத துண்டு மூட்டையாகி, 'பனியன் வேஸ்ட்' என்ற பெயரில் கிலோ கணக்கில் விற்பனைக்கு வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பார், எண்ணெய் துடைக்க அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

இவர்கள் யாரும் இலை ஒட்டுவதில்லை. ஒட்டினால் லுங்கி விலை ஏறிவிடும்.

வெளிநாட்டில் இந்தப் பிரச்சினை எதிர்ப்பக்கமாக இருக்கிறது. விற்காத புதுத் துணியை என்ன செய்வது என்பது அவர்கள் கவலை. பர்பெரி நிறுவனம் 2 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள சரக்கை ஒரே வருஷத்தில் அழித்ததாக 2018-ல் செய்தி வந்து நாறியது. தள்ளுபடியில் விற்றால் மதிப்புப் போய்விடும், எரித்தால் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டமே போட்டிருக்கிறது, பெரிய கம்பெனிகள் 2026 ஜூலை 19 முதல் விற்காத துணியை அழிக்கக் கூடாது. எரிக்கக் கூடாது என்றால் எங்கேயாவது அனுப்ப வேண்டும். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் துணி மலை ஏற்கெனவே இருக்கிறது. கானா நாட்டில் அக்ராவின் கான்டமான்டோ சந்தைக்கு மூட்டை மூட்டையாக இறங்குகிறது. அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'செத்த வெள்ளைக்காரன் துணி'. இவ்வளவு துணியை உயிரோடு இருப்பவன் தூக்கிப் போடுவான் என்று ஆரம்பத்தில் அவர்களால் நம்ப முடியவில்லையாம். நம் நாட்டில் பழைய துணியை அப்படியே இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. கிழித்துக் கந்தலாக்கினால்தான் தாராளமாக உள்ளே வரும். நல்ல சட்டையைக் கிழித்தபின் அனுமதிக்கும் ஒரே இடம் சுங்கம்தான்.

அச்சில் வராத பக்கம்

வீடு வந்து சேர்ந்தோம். "இன்னும் ஒண்ணு இருக்கு மாப்ளே. இதை எழுதாதே, கேட்டுக்கோ மட்டும்."

உங்கள் ஆபீசில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு காஸ்டிங் ஷீட் இருக்கும். நூல், நிட்டிங், சாயம், தையல், பட்டன், லேபிள், பெட்டி என்று வரிசையாக விலை போட்டிருக்கும். அதை எடுத்துப் பார். இலை அச்சடித்த அட்டைக்கு ஒரு வரி இருக்கும். தண்ணீரைச் சுத்தம் செய்ததற்கு ஒரு வரி தேடு. அது சாயக் கூலிக்குள் எங்கோ ஒளிந்திருக்கும். அந்தக் கூலியையும் குறைக்கச் சொல்லி வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கும். "சவ்வு, கொதிகலன், கரண்டு, வங்கி வட்டி எல்லாம் எங்கள் தலையில், வாங்குகிறவர் பீசுக்கு ஒரு சென்ட் கூட்டித் தருவதில்லை." இது திருப்பூர்க்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவரும் புகார். அதே பையர் தன் கடையில் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்று போர்டு வைத்திருப்பான். பீசுக்குக் கேட்கிற விலையில் சாயப்பட்டறைக்காரன் என்ன செய்வான்? மழை பெய்கிற ராத்திரியில் வால்வைத் திறந்துவிடத் தோன்றும். தோன்றிய இடங்களில் அதிகாரிகள் போய்ப் பிடிக்கிறார்கள், பத்திரிகையில் வருகிறது. பையர் பெயர் வருவதில்லை.

ஆகவே, ஆடைத் தொழிலை உண்மையாகவே பசுமையாக்க வேண்டும் என்றால் செய்ய வேண்டியது இரண்டு. பீசுக்கு விலையைக் கூட்டிக் கொடு. பீசைக் குறைத்துச் செய். முதலாவதைச் சொன்னால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும், இரண்டாவதைச் சொன்னால் நீ வீட்டுக்குப் போவாய்.

"அப்போ என்ன மாமா எழுதறது?" என்றான்.

"மத்ததெல்லாம் எழுது."

அக்கா உள்ளேயிருந்து வந்து, அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டின் தோள் தையல் விட்டிருப்பதைப் பார்த்தாள். கம்பெனியில் ஓசியாகக் கொடுத்தது, முதுகில் 'பூமியைக் காப்போம்' என்று எழுதியிருந்தது. கழற்றச் சொல்லி, ஊசி நூல் எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதுசு வாங்கிக்கலாம்மா என்றான். அவள் பதில் சொல்லவில்லை, வாயில் நூல் இருந்தது.

போன வாரம் கையேடு அச்சாகி வந்தது, எனக்கும் ஒன்று கொடுத்தான். 24 பக்கம், வழவழப்பான தாள். முகப்பில் ஓர் இலை. சாயவேர் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது, நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஓடைப் படமும் இருக்கிறது. இறால் பிடிக்கிற அம்மாவின் சட்டை, முகம் தெரியாமல், 'நீண்ட ஆயுள்' என்ற தலைப்பில். பழக்கதோஷம், நான் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரியாக 'விலை' என்ற சொல்லைத் தேடினேன். ஓர் இடத்தில் இருந்தது. பின்னட்டையில், கீழே, சின்ன எழுத்தில்: விலையில்லாப் பிரதி.